பனியன் பெட்டிக்கு எந்தச் சிவப்பு?

திருப்பூரில் துணியின் சிவப்புக்குச் சோதனைக்கா பஞ்சம்? லேப் டிப் பார்க்கிறோம். லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கிறோம். துவைத்தும் தேய்த்தும் பார்க்கிறோம். ஆனால் அந்தத் துணி போய்ச் சேரும் பெட்டியின் சிவப்புக்கும், அதில் தொங்கும் டேகின் சிவப்புக்கும் பெரும்பாலும் ஒரு சோதனையும் இல்லை. "இந்த சாம்பிள் மாதிரியே அடிச்சுக் குடுங்க" என்று பிரஸ்ஸில் சொல்வதோடு சரி.

பெட்டி நனைந்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பனியனில் சிவப்பு இறங்கிய பிறகுதான் கேள்வி எழுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்புகள் உள்ளே முற்றிலும் வேறு பொருள்களாக இருக்கலாம். ஒன்று வெயிலைத் தாங்கும், இன்னொன்று தாங்காது. ஒன்று காஸ்டிக்கில் அப்படியே நிற்கும், இன்னொன்று நிறம் மாறும். எனவே பெட்டி அச்சிடக் கொடுக்கும் பனியன் கம்பெனிக்காரர், பேக்கிங் பொருள் வாங்கும் மர்ச்சண்டைசர், சின்ன ஆஃப்செட் பிரஸ் வைத்திருப்பவர் என்று எல்லோருக்கும் பயன்படும்படி இதை முதலிலிருந்தே பார்ப்போம்.

நிறமியும் சாயமும் ஒன்றுதானா?

இல்லை. சாயப்பட்டறையில் நீங்கள் பார்க்கும் சாயம் தண்ணீரில் கரையும். நூலுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். நிறமி (நீரிலும் எண்ணெயிலும் கரையாத வண்ணத் தூள், கடையில் பிக்மென்ட் என்பார்கள்) அப்படிப் புகுவதில்லை. மிக நுண்ணிய தூளாக வார்னிஷில் அரைபட்டு, தாளின் மேல் படிந்து நிற்கும்.

ஆஃப்செட் மையில் பொதுவாக எடையில் 15 முதல் 20 சதவீதம் நிறமி இருக்கும். மிச்சமெல்லாம் ரெசின், எண்ணெய், உலர்த்தி ஆகியவை. மை காய்வதும் தேய்ந்து உதிராமல் நிற்பதும் பெரும்பாலும் அந்த மிச்சத்தைப் பொறுத்தவை. வெயில், காரம், சோப்பு ஆகியவற்றைத் தாங்குவது பெரும்பாலும் நிறமியைப் பொறுத்தது. இந்தப் பிரிவினையை நினைவில் வையுங்கள். பழுது வந்தால் யாரிடம் என்ன கேட்பது என்று தெரிய இது உதவும்.

ஆர்கானிக் நிறமி என்றால் ஆர்கானிக் காட்டன் போல இயற்கையானதா?

நம் ஊரில் இந்தச் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் இது வேறு கணக்கு. இங்கே ஆர்கானிக் என்றால் கரிம வேதிப்பொருள், அதாவது கரி அணுவை அடிப்படையாகக் கொண்டு தொழிற்சாலையில் செய்யப்படுவது. ரசாயன உரம் போடாமல் விளைந்தது என்ற பொருளே இதில் இல்லை. பெட்டியில் 'ஆர்கானிக் மை' என்று போட்டு பையரிடம் காட்டினால் தவறான உறுதிமொழி கொடுத்ததாகிவிடும்.

செங்காவியும் செந்தூரமும் சிவப்புத்தானே, அவை ஆகாதா?

ஆஃப்செட்டில் தாள்மேல் ஏறும் மைப்படலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான். அவ்வளவு மெல்லிய படலத்திலேயே முழுச் சிவப்பும் தெரிய வேண்டும். செங்காவி, அதாவது இரும்பு ஆக்சைடு, மங்கலானது. அந்தக் கனத்தில் பழுப்பாகத்தான் தெரியும். செந்தூரத்தில் ஈயம், சாதிலிங்கத்தில் பாதரசம், காட்மியம் சிவப்பில் காட்மியம் இருக்கின்றன. ஐரோப்பாவுக்குப் போகும் பேக்கிங் பொருளில் ஈயம், காட்மியம், பாதரசம், ஆறிணைய குரோமியம் ஆகிய நான்கும் சேர்ந்து கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 1994-ல் வந்த பேக்கேஜிங் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. எனவே அந்தக் கதவு மூடியதுதான். ஆஃப்செட்டின் சிவப்பு என்றால் கரிம நிறமிதான்.

ஆஃப்செட்டுக்கு என்று தனியாக நிறமி பார்க்க வேண்டுமா?

வேண்டும். காரணம், தண்ணீர். ஆஃப்செட் பிளேட்டில் படம் இருக்கும் இடம் மையை வாங்கும். படம் இல்லாத இடம் தண்ணீரை வாங்கி மையைத் தள்ளும். அதற்காக ஃபவுன்டன் தண்ணீர் (பிளேட்டை நனைக்கும், லேசான அமிலம் கலந்த நீர்) ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பி.எச். பொதுவாக 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில் வைக்கப்படும். பல பிரஸ்களில் ஐ.பி.ஏ. ஆல்கஹாலும் சேர்ப்பார்கள்.

சிவப்பு மையிலிருந்து நிறம் சிறிதளவு அந்தத் தண்ணீரில் கசிந்தாலும், வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாகப் படியும். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பாருங்கள். நீர் ரோஸ் நிறத்தில் இருந்தால் நிறமியோ மையோ தண்ணீருக்குப் பொருந்தவில்லை. மை அளவைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. மையைத்தான் மாற்ற வேண்டும்.

நம் பக்கத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. இங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, அதாவது கால்சியம் உப்பு அதிகம் உள்ளது. ஆஃப்செட்டில் மிகுதியாக ஓடும் சிவப்பு நிறமியிலும் கால்சியம் உண்டு. பூச்சுத் தாளிலும் உண்டு. மூன்றும் சேர்ந்தால் ரோலரில் வெள்ளைப் படிவு கட்டி, ரோலர் மையை வாங்க மறுக்கும். நான்கு வண்ண மெஷினில் மற்ற யூனிட்டுகளைவிட மஜெந்தா யூனிட்டில் இது முதலில் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஃபவுன்டனுக்கு ஆர்.ஓ. தண்ணீரோ மென்னீரோ பயன்படுத்துங்கள். சாயப்பட்டறைகள் உள்ள ஊரில் ஆர்.ஓ. தண்ணீர் கிடைக்காத பொருளல்ல.

கடையில் ஆயிரம் பெயர் சொல்கிறார்களே, எதை நம்புவது?

பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள். அச்சு மையில் போகும் அனேகமாக எல்லா நிறமிக்கும் கலர் இண்டெக்ஸ் எண் (1920-களில் தொடங்கிய பொதுப் பட்டியலில் தரப்படும் அடையாள எண்) உண்டு. சிவப்பு என்றால் 'பிக்மென்ட் ரெட்' என்று தொடங்கி ஒரு எண் வரும்.

வணிகப் பெயர்கள் நிலைப்பதில்லை. ஜெர்மனியின் பாஸ்ஃப் தன் நிறமித் தொழிலை 2021-ல் ஜப்பானின் டி.ஐ.சி.க்குக் கொடுத்தது. கிளாரியன்ட்டின் நிறமித் தொழில் 2022-ல் ஹாய்பாக்கிடம் போனது. அந்த ஹாய்பாக்கை 2025-ல் புனேயின் சுதர்ஷன் வாங்கியது. கம்பெனி கைமாறினாலும், டின்னில் லேபிள் மாறினாலும், 57:1 என்பது 57:1-தான். ஒரே எண்ணில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் ஷேடும் அரைபடும் தன்மையும் சற்று மாறும். ஆனால் அதன் குணம், அதாவது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது, பெரும்பாலும் மாறாது.

அப்படியானால் முக்கியமான எண்கள் எவை?

ஆறு வகை தெரிந்தால் போதும்.

57:1. லித்தால் ரூபின் என்று பெயர். 1903-ல் கண்டுபிடிக்கப்பட்டது. நீலம் சாய்ந்த சிவப்பு. நான்கு வண்ண அச்சில் மஜெந்தா என்று ஓடுவது பெரும்பாலும் இதுதான். விலை குறைவு, நிறம் அடர்த்தி, ஒளி ஊடுருவும் தன்மை நன்று. காரத்துக்கும் சோப்புக்கும் தாங்காது. வெயிலுக்கு நடுத்தரம், வெளிறிய டின்ட்டாக அடித்தால் அதுவும் குறையும்.

53:1. லேக் ரெட் சி. 1902-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. மஞ்சள் சாய்ந்த, பளிச்சென்ற சூடான சிவப்பு. விலை மலிவு என்பதால் தனிச் சிவப்பு அடிக்கும் பெட்டிகளில் நிறையப் போகிறது. வெயிலிலும் காரத்திலும் பலவீனம். இதில் பேரியம் என்ற உலோகம் இருக்கிறது. அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

49 வரிசை. லித்தால் ரெட். 1899-ல் வந்தது. மலிவு. ஆனால் வெயிலைக் கண்டால் ஓடும். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வரைந்த பெரிய ஓவியங்களில் இந்த நிறமியைப் பயன்படுத்தியிருந்தார். 1964-ல் வெயில் நன்றாக விழும் ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் அவற்றை மாட்டினார்கள். சிவப்பு வெளுத்து உருக்குலைந்து, 1979-க்குள் எல்லாவற்றையும் கழற்றிக் கிடங்கில் வைக்க வேண்டியதாயிற்று. உலகப் புகழ்பெற்ற ஓவியத்துக்கே அந்த கதி என்றால் கடை வாசலில் அடுக்கிய பெட்டிக்கு என்ன ஆகும்?

112, 146, 170, 184. இவை நாப்தால் ஏ.எஸ். குடும்பம். காரத்தையும் சோப்பையும் நன்றாகத் தாங்கும். சோப்பு உறை அச்சிடுவோர் இவற்றைத் தேடுவது அதனால்தான். 184-ன் ஷேடு மஜெந்தாவுக்கு நெருங்கி வரும். 112 நல்ல நடுச் சிவப்பு. விலை நடுத்தரம். இவற்றில் சில கரைப்பான்களிலும் எண்ணெயிலும் லேசாகக் கசியும். எனவே ஸ்பிரிட் வார்னிஷ் போடுவதாக இருந்தால் முதலில் சோதியுங்கள்.

81. ரோடமின் வகை. கண்ணைப் பறிக்கும் ரோஸ். வெயில், காரம், ஆல்கஹால் மூன்றிலும் பலவீனம். வேறு எதனாலும் அந்த ரோஸ் வராது என்ற நிலையில் மட்டும் எடுங்கள்.

122, 254. 122 நீலம் சாய்ந்தது; 1958-ல் சந்தைக்கு வந்த குவினாக்ரிடோன் வகையைச் சேர்ந்தது. 254 டி.பி.பி. வகை, ஃபெராரி காரின் சிவப்பு என்று பேர் வாங்கியது. வெயில், காரம், கரைப்பான் எல்லாவற்றையும் தாங்கும். விலை பல மடங்கு. 57:1-ன் அடர்த்தி 122-க்கு வராது; அதே அடர்த்தி வேண்டுமென்றால் மையில் நிறமி கூடுதலாகப் போட வேண்டும்.

57:1, 53:1, 49 ஆகியவற்றை லேக் (நீரில் கரையும் சாயத்தை உலோக உப்பால் கரையாத தூளாக்கியது) என்பார்கள். காரமோ சோப்போ அந்த உப்புப் பிணைப்பைத் தளர்த்திவிடுகிறது. விலை மலிவாக இருப்பதும் காரத்துக்குத் தாங்காததும் ஒரே காரணத்தால் வருபவை.

என் பெட்டிக்கு எது என்று எப்படி முடிவு செய்வது?

"எது நல்ல சிவப்பு" என்று கேட்காதீர்கள். "என் சிவப்பு அச்சானதிலிருந்து துணியை வாங்குபவர் கைக்குப் போகும்வரை எதையெல்லாம் சந்திக்கும்" என்று வரிசையாக எழுதுங்கள். அந்தப் பட்டியலில் எது மிகக் கடுமையானதோ அதுதான் எண்ணைத் தீர்மானிக்க வேண்டும். நம் ஊரில் ஒரு பெட்டி சந்திப்பவை இவை.

*பசை.* நெளி அட்டைமேல் அச்சுத் தாளை ஒட்டிச் செய்யும் பெட்டி என்றால் இதுதான் முதல் எதிரி. ஸ்டார்ச் பசையில் காஸ்டிக் சோடாவும் போராக்ஸும் சேர்ப்பார்கள், அதன் பி.எச். 11, 12 வரை போகும். ஈரமான பசை தாளின் பின்பக்கத்திலிருந்து ஊறி மேலே வரும்போது 57:1-ம் 53:1-ம் நிறம் மாறும். பெட்டியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், நெளிவின் முகடு படும் இடமெல்லாம் கோடு கோடாகச் சிவப்பு மங்கியிருப்பது தெரியும். அச்சிட்டவரைத் திட்டிப் பயனில்லை; ஷீட்டில் அடித்தபோது நிறம் சரியாகவே இருந்திருக்கும். இப்படிப்பட்ட பெட்டிக்கு நாப்தால் வகையைக் கேளுங்கள். அல்லது பசைக்காரரிடம் காரம் குறைந்த பசையைக் கேளுங்கள்.

*வார்னிஷும் லேமினேஷனும்.* மேலே பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டினாலோ யு.வி. வார்னிஷ் போட்டாலோ, அவற்றில் உள்ள கரைப்பானும் பசையும் முதலில் தொடுவது மையைத்தான். 81 போன்றவை அதில் கசிந்து, எழுத்தைச் சுற்றி ரோஸ் நிழல் கட்டும். மை கொடுப்பவரிடம் "இதன்மேல் யு.வி. வருகிறது", "ஃபிலிம் வருகிறது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

*வெயில்.* காதர்பேட்டைக் கடை வாசலில் அடுக்கும் பெட்டியும், ஷோரூம் கண்ணாடிக்குள் நிற்கும் பெட்டியும் நாள் முழுக்க வெளிச்சத்தில் இருக்கின்றன. நான்கு வண்ணத்தில் அச்சான பழைய சுவரொட்டிகள் சில மாதத்தில் நீலம் பாரித்துப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மஜெந்தாவும் மஞ்சளும் வெளுத்து, வெயிலைத் தாங்கும் நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சுவதால் வருவது அது. உங்கள் பிராண்டின் அடையாளமே சிவப்பு என்றால் அதை மஜெந்தாவும் மஞ்சளும் கலந்து எடுக்காமல், தனி மையாக 112, 170 அல்லது 254-ல் அடியுங்கள். ஐரோப்பாவுக்குப் போய் அங்கே கிடங்கில் திறந்து எறியப்படும் மாஸ்டர் கார்ட்டனுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

*ஈரமும் உரசலும்.* தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் கன்டெய்னர் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது உள்ளே ஈரம் கட்டி நீராகச் சொட்டும். பெட்டி நனையும், டேக் துணியோடு ஒட்டிக் கிடக்கும். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்தால் சிவப்பு உதிர்கிறது என்றால் குற்றம் பெரும்பாலும் நிறமியில் இல்லை. மை சரியாகக் காயவில்லை, அல்லது மேலே வார்னிஷ் இல்லை. எந்த விலை உயர்ந்த நிறமியும் அதைச் சரிசெய்யாது. ஈரத்திலோ சோப்பு நீரிலோ மட்டும் சிவப்பு இறங்குகிறது என்றால்தான் நிறமியைச் சந்தேகியுங்கள்.

பையர் 'அசோ ஃப்ரீ' என்று எழுதியிருக்கிறார். 57:1 அசோ ஆயிற்றே?

ஆம், 57:1, 53:1, நாப்தால் வகை எல்லாமே அசோ நிறமிகள்தான். ஆனால் சட்டம் அசோ அனைத்தையும் தடை செய்யவில்லை. உடைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் என்று பட்டியலிடப்பட்ட அரோமாட்டிக் அமீன்களை (அனிலின் வகைச் சேர்மங்கள்) வெளிவிடும் அசோ சாயங்களைத்தான் தடுக்கிறது. ஜெர்மனி 1994-ல் தொடங்கியது. இந்தியா 1997-ல் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக்கியது. அங்கே துணியிலும் தோலிலும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு அமீனுக்கும் வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம்.

57:1-ம் 53:1-ம் அந்தப் பட்டியல் அமீன்களிலிருந்து செய்யப்படுவதில்லை. ஆனால் எல்லாச் சிவப்பும் அப்படி அல்ல. பிக்மென்ட் ரெட் 22, பிக்மென்ட் ரெட் 8 இரண்டுக்கும் மூலப்பொருளான அமீன் பட்டியலில் இருக்கிறது. மலிவான நாப்தால் சிவப்பு என்று யாராவது கொடுத்தால் எண்ணைக் கேட்டு, இந்த இரண்டும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

காகித டேகுக்கும் பெட்டிக்கும் இந்தத் துணிச் சட்டம் நேராகப் பொருந்தாவிட்டாலும், பையர் தன் பட்டியலில் எழுதிவிட்டால் உங்களுக்கு அதுதான் சட்டம். ஆர்டர் எடுக்கும்போதே அந்தத் தாளில் 'டிரிம்ஸ்', 'பேக்கேஜிங்' என்ற தலைப்புகளைத் தேடிப் படித்துவிடுங்கள்.

பேரியம் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே?

53:1-ல் பேரியம் உப்பு இருக்கிறது. ஐரோப்பியப் பேக்கேஜிங் விதியின் நான்கு உலோகங்களில் பேரியம் இல்லை. ஆனால் பொம்மைகளுக்கான ஐரோப்பியச் சோதனையில், கரைந்து வெளிவரும் பேரியத்துக்கு வரம்பு உண்டு. குழந்தை உடுப்போடு பொம்மை போன்ற அட்டையோ, வெட்டி விளையாடும் டேகோ சேர்த்து அனுப்பினால் அந்தச் சோதனை உங்கள் தலையில் வந்து விழும். குழந்தைகள் பொருளுக்கு 53:1-ஐத் தவிர்த்து, பேரியம் இல்லாத நாப்தால் சிவப்பை எடுத்துவிடுவது நிம்மதி.

நல்ல நிறமி கேட்டால் விலை தாங்குமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆஃப்செட்டில் ஒரு சதுர மீட்டர் முழுச் சிவப்புக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 கிராம் மை போகும். ஒரு பெட்டியில் கால் சதுர மீட்டர் சிவப்பு என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் பெட்டிக்கு 250 முதல் 375 கிராம் மை. மெஷினைத் தயார் செய்யப் போகும் மையையும் வீணாவதையும் சேர்த்தாலும் ஒரு கிலோ டின்னுக்குள் சின்ன ஆர்டர் முடிந்துவிடும்.

அந்த ஒரு டின்னின் விலை இரட்டிப்பானால், கூடிய தொகையை ஆயிரம் பெட்டிக்குப் பிரித்துப் பாருங்கள். உங்கள் ஊர் விலையில் நீங்களே கணக்கிடலாம். பெட்டியின் விலையில் தாளும் கூலியும்தான் பெரும்பங்கு. மை சிறு பங்கு. மறுபக்கம், ஒரு பெட்டிச் சரக்கில் கறை விழுந்து துணி திரும்பினால் இழப்பு எவ்வளவு என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதனால் எல்லாவற்றுக்கும் 254 வாங்குங்கள் என்று சொல்லவில்லை. லட்சக்கணக்கில் ஓடும், நான்கே வண்ணத்தில் அடிக்கும் சாதாரணப் பெட்டிக்கு 57:1 போதும். அது நூறாண்டு கடந்தும் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. தேவைப்படும் இடத்தில் மட்டும் மேலே போங்கள்.

லேப் இல்லாமல் நானே சோதிக்க முடியுமா?

முடியும். அச்சான ஷீட்டை மூன்று நாள் காயவிட்டு, நல்ல சிவப்பு உள்ள பகுதியைக் கையகலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டைத் தொடாமல் தனியே வையுங்கள். மற்றவற்றை அதோடு ஒப்பிட வேண்டும்.

ஈரச் சோதனைக்கு வெள்ளைப் பனியன் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, துண்டின் மேலும் கீழும் வைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேலே கனமான கட்டையை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் பிரித்துத் துணியைப் பாருங்கள். இன்னொரு துண்டை இதேபோல் சோப்பு நீரில் செய்யுங்கள். வெறும் தண்ணீரில் வெள்ளையாக இருந்து சோப்பு நீரில் ரோஸ் படிந்தால் அது லேக் வகை என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

காரச் சோதனைக்கு உங்கள் பெட்டிக்காரர் பயன்படுத்தும் அதே பசையைக் கொஞ்சம் வாங்கி, துண்டின் பின்பக்கம் தடவி அட்டையில் ஒட்டிக் காயவிடுங்கள். தனியே வைத்த துண்டோடு சேர்த்துப் பிடித்தால் நிற மாற்றம் தெரிந்துவிடும். காஸ்டிக் கரைசலை நேரடியாகக் கையாளுவதைவிட இது பாதுகாப்பு. உண்மை நிலைமைக்கும் நெருக்கம்.

வெயில் சோதனைக்கு ஒரு துண்டின் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, கண்ணாடி ஜன்னலுக்குள் தெற்கு வெயில் படும்படி ஒட்டிவையுங்கள். பக்கத்திலேயே, ஏற்கெனவே நீங்கள் திருப்தியாகப் பயன்படுத்திவரும் பழைய பெட்டியின் சிவப்பையும் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை அட்டையைத் தூக்கிப் பார்த்தால் எது முதலில் வெளுக்கிறது என்று தெரியும். லேப்பில் இதை நீலக் கம்பளி அளவுகோலால் (1 முதல் 8 வரை, 8 என்றால் மிக உறுதி) மதிப்பிடுவார்கள். அந்த எண்ணை மை கொடுப்பவரிடம் கேட்டு வாங்கலாம்.

பெட்டியும் டேகும் கடை வெளிச்சத்தில் வேறு வேறு சிவப்பாகத் தெரிகின்றன. ஏன்?

இரண்டையும் வேறு வேறு பிரஸ்ஸில் வேறு வேறு நிறமியில் அடித்திருப்பார்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு நிறமிகள் இன்னொரு விளக்கில் பிரிந்து தெரியும். துணி லாட்டில் இந்தத் தொல்லையை நீங்கள் ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள். லைட் பாக்ஸில் டி65 விளக்கிலும் டிஎல்84 விளக்கிலும் துணியை வைத்துப் பார்ப்பதுபோல டேகையும் பெட்டியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டு பிரஸ்ஸுக்கும் ஒரே நிறமி எண்ணைக் கொடுத்தால் இது பெரும்பாலும் தீரும்.

பழுப்பு கிராஃப்ட் அட்டையில் அடிப்பதாக இருந்தால் இன்னொன்று. ஆஃப்செட் மை பெரும்பாலும் ஒளி ஊடுருவுவது. பழுப்பு அடியிலிருந்து தெரிந்து சிவப்பு செங்கல் நிறமாகும். ஒளி மறைக்கும் தரத்தில் மை கேளுங்கள், அல்லது அடியில் வெள்ளை அடியுங்கள், அல்லது வெள்ளை முகம் உள்ள டூப்ளெக்ஸ் போர்டுக்கு மாறுங்கள்.

இதே மையை டி-சர்ட்டின் மேலேயே அடிக்கலாமா?

கூடாது. ஆஃப்செட் மை தாளுக்கானது, துவைத்தால் நிற்காது. துணியில் ஸ்கிரீன் பிரிண்டுக்கு பைண்டரோடு கூடிய பிக்மென்ட் பேஸ்டோ பிளாஸ்டிசாலோ வேறு. ஆனால் 146, 170, 122 போன்ற எண்கள் அங்கேயும் வரும். எனவே நெஞ்சு பிரிண்டின் சிவப்பும் பெட்டியின் சிவப்பும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால், இரண்டு இடத்திலும் ஒரே நிறமி எண்ணைக் கேட்பதே குறுக்கு வழி.

கடைசியில் பிரஸ்ஸுக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

"சாம்பிள் போல" என்பதோடு நிறுத்தாமல் ஆர்டர் தாளில் இந்த ஐந்து வரியைச் சேருங்கள்.

1. சிவப்பின் கலர் இண்டெக்ஸ் எண் என்ன என்று மை கொடுப்பவர் எழுதித் தர வேண்டும். மாற்றினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.
2. தாள் எது, மேலே என்ன வருகிறது (வார்னிஷ், யு.வி., ஃபிலிம்), எந்தப் பசையில் ஒட்டப்படும்.
3. எங்கே போகிறது: உள்ளூர்க் கடை வாசலா, ஷோரூமா, கன்டெய்னரா.
4. குழந்தைப் பொருளா, பையரின் தடைப்பட்டியல் என்ன சொல்கிறது.
5. முழு அச்சுக்கு முன் பத்து ஷீட் சோதனைக்குத் தர வேண்டும். ஈரம், சோப்பு, பசை மூன்றிலும் தேறிய பிறகே மீதி ஓட்ட வேண்டும்.

இதைக் கேட்டால் பிரஸ்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல பிரஸ்காரருக்கு இந்தத் தகவல் வரம். எது தாங்க வேண்டும் என்று தெரிந்தால்தான் அவரால் சரியான மையை வாங்க முடியும். தெரியாதபோது மலிவானதை வாங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. சோதனைத் துண்டுகளை நிறமி எண்ணோடு ஒரு ஃபைலில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சீசனில் அதே சிவப்பு வேண்டும் என்று பையர் கேட்கும்போது, எண்ணைச் சொல்லி அரைமணி நேரத்தில் மை ஆர்டர் போட்டுவிடலாம்.